மலக்குடலுக்குப் பின்னால் 7 செ.மீ. கட்டி: ஆசனவாய் வழியாகப் பயாப்ஸி எடுக்கலாமா?

சங்ககிரித் தம்பி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்காக இதை எழுதுகிறேன். அவருக்கு வயது 46, லாரி ஓட்டுகிறார். ஓராண்டுக்கு மேலாகவே, வெகுநேரம் உட்கார்ந்தால் வாலெலும்புக்கு உள்ளே ஏதோ அழுத்துவதாகவும், இடது பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக வலி இறங்குவதாகவும் சொல்லி வந்தார். மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது. ஓட்டுநருக்கு உட்காரும் இடத்தில் வலி என்றால் மூலச்சூடு என்று முடிவுகட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாத்திரை, களிம்பு, மோர், வெந்தயம் என்று காலம் போயிற்று. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது என்று வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தபோதுதான், சிறுநீர்ப்பைக்குப் பின்னால் ஒரு கட்டி இருப்பது தெரிய வந்தது.

அடுத்து எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையில், மலக்குடலுக்கும், முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்புக்கும் இடையில், இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து, 7 செ.மீ. அளவில், விளிம்பு தெளிவான கட்டி ஒன்று இருப்பதாகவும், அதற்குள் ஆங்காங்கே நீர் கோத்த பகுதிகள் தெரிவதாகவும், மலக்குடல் முன்புறம் தள்ளப்பட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். எலும்பு அரிக்கப்படவில்லை, நெறிகட்டும் இல்லை. புற்றுநோய்க்கான தடயம் பார்க்கும் பி.எஸ்.ஏ., சி.இ.ஏ. இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் இயல்பாக உள்ளன.

இப்போது மூன்று மருத்துவர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர், வரும் வாரமே ஆசனவாய் வழியாக ஊசி விட்டுச் சதை எடுத்து அனுப்பலாம் என்கிறார். இன்னொருவர், பயாப்ஸியே வேண்டாம், வயிற்றைத் திறந்து எடுத்துவிடலாம் என்கிறார். மூன்றாமவர் நேராகப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இவைதான். இந்த இடத்தில் வரும் கட்டி புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டுமா? பயாப்ஸி அவசியமா, அவசியமானால் எந்த வழியாக எடுப்பது? அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர், மலம், தாம்பத்தியம் ஆகியவை பாதிக்கப்படுமா? கடைசிக் கேள்வியை அண்ணன் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் அவர் மனத்தில் அதுதான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

மதுரை ரேடியாலஜி

தம்பி, முதலில் அந்த ஆசனவாய் வழிப் பயாப்ஸியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். கட்டியின் பெயர் தெரிய வேண்டும் என்று அந்த மருத்துவர் நினைப்பது சரிதான். ஆனால் ஊசி போகும் பாதை தவறு. மலக்குடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் ஊசி, கிருமிகளைக் கட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். நீர் கோத்த கட்டியில் சீழ் பிடித்துவிட்டால், பிறகு செய்யும் அறுவை சிகிச்சை பல மடங்கு கடினமாகும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஒருவேளை அது புற்று வகையாக இருந்தால், ஊசி சென்ற பாதையில் அதன் செல்கள் சிந்தியிருக்கக் கூடும்; அப்போது, காப்பாற்றியிருக்கக் கூடிய மலக்குடலையும் கட்டியோடு சேர்த்து எடுக்க நேரும்.

இந்த இடத்தில் கட்டி என்றாலே புற்றுநோய் என்று எண்ண வேண்டாம். மலக்குடலுக்குப் பின்னால், திரிக எலும்புக்கு முன்னால் இருக்கும் அந்தச் சிறிய இடைவெளியில் கட்டி வருவதே அரிது. மருத்துவமனையில் சேரும் ஏறக்குறைய 40,000 பேரில் ஒருவருக்கு என்று பாடநூல்கள் சொல்கின்றன. கருவில் பல வகைத் திசுக்கள் சந்திக்கிற இடம் என்பதால், அங்கே தோன்றக்கூடியவற்றின் பட்டியல் மிக நீளமானது. பிறவியிலேயே தங்கிப்போன நீர்க்கட்டிகள், நரம்பு உறையில் எழும் ஸ்வான்னோமா, நார்த்திசுக் கட்டிகள், எலும்பிலிருந்து வருபவை எனப் பலவும் அதில் உண்டு. பெரும்பான்மை புற்றல்லாத சாதாக் கட்டிகளே. எனினும் கார்டோமா என்ற புற்று வகை அந்த எலும்பிலிருந்தே முளைக்கக் கூடியது, அதுவும் ஆண்களிடம் சற்று அதிகம் என்பதால், எதையும் ஊகித்து விட்டுவிடவும் முடியாது.

ஆகவே அடுத்த படி எம்.ஆர்.ஐ. தான். இடுப்புக்குழி முழுவதும், திரிக எலும்பும் அதன் நரம்புத் துளைகளும் சேர்ந்து தெரியும்படி, மருந்து செலுத்தி எடுக்க வேண்டும். அதற்கு முன் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிடுவார்கள். 'இடுப்பு எம்.ஆர்.ஐ.' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், சில இடங்களில் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். எனவே சீட்டில் கட்டி இருக்கும் இடத்தைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள், பழைய சி.டி. படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

படத்தில் நாங்கள் பார்ப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டியின் ஒரு முனை வால்போல மெலிந்து ஒரு நரம்புத் துளைக்குள் நுழைகிறதா, அந்தத் துளை மற்றப் பக்கத்தைவிட அகன்று, விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா என்று முதலில் தேடுவோம். இருந்தால் அது பெரும்பாலும் ஸ்வான்னோமா. மெதுவாக வளரும் கட்டி எலும்பைத் தள்ளி இடம் பண்ணிக்கொள்ளும்; கார்டோமா எலும்பை அரித்துத் தின்னும். இந்த வேறுபாடு படத்தில் பெரும்பாலும் நன்றாகவே தெரியும். தடித்த ரத்தக் குழாய்கள் கட்டிக்குள் ஓடுவது கருங்கோடுகளாகத் தெரிந்தால் தனி நார்க்கட்டி என்ற வகையை நினைப்போம். நீரைப் போல வெளுத்து, உள்ளே சுழல் சுழலாக அடுக்குகள் தெரிந்து, இடுப்புத் தளத் தசையைக் கடந்து கீழே இறங்கியிருந்தால், ஆஞ்சியோமிக்ஸோமா என்ற மிக அரிய வகை நினைவுக்கு வரும்.

ஊசிக்கு முன் விலக்கியே ஆகவேண்டியவை இரண்டு. முதுகுத்தண்டின் உறை, எலும்பின் குறை வழியாக முன்னே பிதுங்கி நீர்க்கட்டி போலத் தோற்றமளிப்பது ஒன்று. அதில் ஊசி பட்டால் மூளைக்காய்ச்சல் வரலாம், எம்.ஆர்.ஐ. பார்த்தால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். மற்றொன்று, அட்ரினலின் போன்ற பொருள்களைச் சுரக்கக்கூடிய பாராகாங்லியோமா என்ற கட்டி. சிறுநீர் கழிக்கும்போதோ கழித்த பிறகோ படபடப்பு, வியர்வை, தலைவலி வருவதாக அண்ணன் சொன்னதுண்டா? ரத்த அழுத்தம் திடீரென்று ஏறுகிறதா? அப்படியானால் அந்தச் சுரப்பைக் கண்டறியும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை செய்யாமல் யாரும் ஊசி வைக்கக் கூடாது. தொட்டாலே ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றக்கூடிய கட்டி அது.

இவை இரண்டும் இல்லையென்று உறுதியான பிறகு, திடக் கட்டியாக இருந்தால், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, சி.டி. வழிகாட்டலில், திரிக எலும்பின் ஓரமாகப் பின்புறத்திலிருந்து ஊசி செலுத்தலாம். அறுவை சிகிச்சை செய்யப்போகும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, பின்னால் தேவைப்பட்டால் வெட்டி எடுக்கக்கூடிய பாதையில்தான் அந்த ஊசி போக வேண்டும். முழுக்க நீர்க்கட்டியாக இருந்தால் ஊசியே வேண்டாம்.

பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னால், ஒன்றை மனத்தில் வையுங்கள். ஸ்வான்னோமா சாதாக் கட்டியாக இருந்தும் பெட் ஸ்கேனில் பளிச்சென்று ஒளிரும். அதைப் பார்த்துப் புற்றுநோய் என்று பயந்து வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திருச்சி வாசகர்

மேலே மருத்துவர் சொன்ன அதே இடத்தில், அதே போன்ற கட்டி எனக்கு இருந்தது. எடுத்த பிறகு வந்த முடிவு ஸ்வான்னோமா. சில ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் நலமாக இருக்கிறேன். அண்ணியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

எனக்கும் மலச்சிக்கல், உட்கார்ந்தால் வலி என்றுதான் தொடங்கியது. ஆசனவாயில் விரலை விட்டுப் பரிசோதிக்கும் ஒரு நிமிட வேலையை யாரும் செய்யவில்லை. நானும் கூச்சத்தால் கேட்கவில்லை. செய்திருந்தால் அன்றைக்கே பின்பக்கச் சுவரில் புடைப்பு தட்டுப்பட்டிருக்கும் என்று பிறகு அறுவை மருத்துவர் சொன்னார். உங்கள் அண்ணனைப் போல உட்கார்ந்தே பிழைக்கிறவர்கள் இதைப் படித்தால், மூலம் என்று மருந்து எழுதுவதற்கு முன் அந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் என் மருத்துவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஆசனவாயைச் சுற்றியும், விதைப்பைக்குப் பின்னாலும், தொடையின் பின்புறத்திலும் ஒரு மழுங்கிய ஊசியால் மெல்லக் குத்தி, எங்கே உணர்ச்சி குறைவு என்று தாளில் படம் வரைந்து குறித்துக்கொண்டார். பாதத்தை அழுத்தச் சொல்லி இரு கால்களின் பலத்தையும் ஒப்பிட்டார். சிறுநீர் கழித்த உடனே ஸ்கேன் செய்து பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தார். விறைப்புத்தன்மை இப்போது எப்படி இருக்கிறது என்று கூச்சம் இல்லாமல் கேட்டுப் பதிவு செய்தார். முன்பு இருந்தது எது, பிறகு வந்தது எது என்பது அந்தத் தாளால்தான் எங்களுக்குத் தெளிவாயிற்று. இதை உங்கள் மருத்துவரிடமும் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு இடது பாதத்தின் வெளி ஓரத்திலும் குதிகாலைச் சுற்றியும் மரத்த உணர்வு இன்றும் கொஞ்சம் இருக்கிறது. செருப்பு கழன்றால் சில நேரம் தெரியாது. சிறுநீர்க் குழாயை எடுத்தவுடன் சரியாகப் போகாமல் மீண்டும் போட வேண்டியிருந்தது. பிறகு நாளடைவில் சீரானது. தாம்பத்தியம் குறித்து நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: தொடக்கத்தில் தளர்ச்சி இருந்தது, மாத்திரை உதவியது, இப்போது மாத்திரை தேவைப்படுவதில்லை. எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நரம்பிலிருந்து கட்டி முளைத்தது, எவ்வளவு காப்பாற்ற முடிந்தது என்பதைப் பொறுத்து அது மாறும்.

நுண்ணோக்கி

நான் நோய்க்குறியியல் துறையில் பணிபுரிகிறேன். பயாப்ஸி எடுப்பதென்று முடிவானால், அதற்குப் பிறகு நடப்பது பற்றிச் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் அரிய கட்டிகளில் பல குழப்பங்கள் எங்கள் மேசையிலும் நேரக்கூடியவை.

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் செல் பரிசோதனை இங்கே போதாது. சதைத் துண்டாக எடுக்கும் தடித்த ஊசிதான் வேண்டும். வழக்கமான சாயத்தில் பார்க்கும்போது இந்த இடத்துக் கட்டிகள் பலவும் கதிர் வடிவச் செல்கள் நிறைந்தவையாக ஒன்றுபோலத் தோன்றும். பிரித்தறிய, குறிப்பிட்ட புரதங்களில் மட்டும் ஒட்டும் இம்யூனோ சாயங்கள் தேவை. ஸ்வான்னோமா என்றால் எஸ்-100 என்ற சாயம் பரவலாகவும் அடர்த்தியாகவும் ஏறும். செல்கள் நெருங்கிய பகுதியும் தளர்ந்த பகுதியும் மாறி மாறி வரும். செல் கருக்கள் எதிரெதிர் வரிசையாக அணிவகுக்கும் அமைப்பும் தெரியலாம். வெரோகே 1910இல் விவரித்த அமைப்பு அது. தனி நார்க்கட்டியில் சிடி34 உடன், செல்லின் கருவுக்குள் ஸ்டாட்6 ஏறும். அந்தக் கட்டியை உண்டாக்கும் மரபணு இணைவு 2013இல் கண்டறியப்பட்ட பிறகே இந்தச் சாயம் வழக்கத்துக்கு வந்தது; அதற்கு முன் வேறு பெயர்களில் அறிக்கை தரப்பட்ட கட்டிகள் பல உண்டு. மலக்குடல் சுவரிலிருந்தே வெளிப்பக்கமாக வளரும் ஜிஸ்ட் என்ற கட்டியும் இதே இடத்தில் இதே தோற்றத்தில் வரலாம். அதற்கு சிடி117, டாக்1 ஆகிய சாயங்கள் போட வேண்டும். ஜிஸ்ட் என்றால் சிகிச்சையே மாறிவிடும்: இமாடினிப் மாத்திரையால் கட்டியைச் சுருக்கிய பிறகு அறுவை சிகிச்சை செய்ய வாய்ப்பு உண்டு. பயாப்ஸியே வேண்டாம் என்று சொன்ன மருத்துவரின் கருத்தை எல்லோருக்கும் பொருத்த முடியாது என்று நான் எண்ணுவதற்கு இதுவே முதற்காரணம்.

நெடுங்காலம் உள்ளேயே கிடந்து சிதைவு கண்ட பழைய ஸ்வான்னோமாக்களில், செல் கருக்கள் பெருத்து, கறுத்து, பார்ப்பதற்குப் புற்றுச் செல்கள் போலவே இருக்கும். ஆனால் செல் பிரிவு அநேகமாக இராது. சிறிய துண்டில் இதைப் பார்த்துச் சார்கோமா, அதாவது மென்திசுப் புற்று, என்று எழுதிவிட்டால், தேவையற்ற பெரிய அறுவை சிகிச்சை நடந்துவிடும். ஆகவே அறிக்கையில் சார்கோமா என்று வந்தாலோ, 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று வந்தாலோ, மென்திசுக் கட்டிகளில் பழக்கமுள்ள வேறொரு மையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஸ்லைடுகள் மட்டும் போதாது. மெழுகுக் கட்டியையும், அதாவது பிளாக்கையும், கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு.

இன்னொன்று. 'சாதாக் கட்டி' என்ற சொல் எல்லா வகைக்கும் ஒரே அளவில் பொருந்தாது. ஸ்வான்னோமா உண்மையாகவே சாதாக் கட்டி. புற்றாக மாறுவது மிக மிக அரிது. ஆஞ்சியோமிக்ஸோமா வேறிடத்துக்குப் பரவுவது அபூர்வம், ஆனால் எடுத்த இடத்திலேயே பல ஆண்டுகள் கழித்தும் திரும்ப வரும் குணம் கொண்டது. ஸ்டீப்பர், ரோசாய் இருவரும் 1983இல் பெண்களிடம் கண்டு விவரித்த அந்தக் கட்டி ஆண்களுக்கு அரிதாகவே வருகிறது. வரும்போது விதைப்பை, விந்து நாண், இடுப்புக்குழி ஆகிய இடங்களில் வருகிறது. தனி நார்க்கட்டியோ இடைநிலை வகை: பெரும்பாலும் அமைதியாக இருந்தாலும், சில கட்டிகள் பத்தாண்டுகள் கழித்துக்கூடப் பரவலாம் என்பதால் நெடுங்காலக் கண்காணிப்பு வேண்டும். அண்ணனுக்குச் சர்க்கரை நோய் இல்லாமலே அடிக்கடி சர்க்கரை குறைந்து மயக்கம் வந்ததுண்டா என்று கேளுங்கள். பெரிய தனி நார்க்கட்டிகள் சில, இன்சுலினைப் போல வேலை செய்யும் பொருளைச் சுரந்து அப்படிச் செய்யும்.

சங்ககிரித் தம்பி

உங்கள் ஒவ்வொருவரின் பதிலையும் அச்செடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். ஆசனவாய் வழிப் பயாப்ஸியை நிறுத்திவிட்டோம். படபடப்பு, வியர்வை, மயக்கம் எதுவும் இல்லை. ரத்த அழுத்தமும் சீராக இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. முடிவு வந்துவிட்டது. கட்டியின் மேல்முனை இடப்பக்க எஸ்-2 நரம்புத் துளைக்குள் (திரிக எலும்பின் இரண்டாம் நரம்புத் துளை) நுழைவதாகவும், அந்தத் துளை வழவழப்பாக அகன்றிருப்பதாகவும், கட்டிக்கு மெல்லிய உறை தெரிவதாகவும், மலக்குடல் சுவரோடு ஒட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். முதுகுத்தண்டு உறையோடு தொடர்பில்லை. ஸ்வான்னோமாவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று முடித்திருக்கிறார்கள். பிறகு பின்புறமாக, சி.டி. உதவியுடன் சதைத் துண்டு எடுத்தார்கள். எஸ்-100 அடர்த்தியாக ஏறியிருப்பதாகவும், ஸ்வான்னோமாவுக்கு ஒத்துப்போவதாகவும் அறிக்கை வந்திருக்கிறது. அண்ணி அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

இனிமேல்தான் குழப்பம். சாதாக் கட்டிதானே, அப்படியே விட்டுவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அண்ணனும் அந்தப் பக்கமே சாய்கிறார். எடுக்கத்தான் வேண்டுமா? எடுத்தால் எஸ்-2 நரம்பைச் சேர்த்து வெட்ட வேண்டியிருக்குமா?

கோவை அறுவை மருத்துவர்

இரண்டு கேள்விகளும் சரியான கேள்விகள். ஆனால் விடை அண்ணனுக்கு இப்போது இருக்கும் தொல்லையைப் பொறுத்தது. தற்செயலாகத் தெரியவந்த சிறிய ஸ்வான்னோமா, எந்தத் தொல்லையும் இல்லாதவருக்கு இருந்தால், குறிப்பிட்ட இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பது ஏற்கத்தக்க வழி. அவை வளர்ந்தாலும் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். எழுபது வயதைக் கடந்தவர், இதய நோய் உள்ளவர் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். உங்கள் அண்ணனுக்கு வயது 46. கட்டி 7 செ.மீ.; வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொல்லை மூன்றும் இருக்கின்றன; அவர் பிழைப்பதோ உட்கார்ந்து. இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இடம் குறைவு. கட்டி இன்னும் பெருத்தால் நரம்புகள் மேலும் நசுங்குவதோடு, எடுக்கும் வேலையும் கடினமாகும். என் கருத்து, திட்டமிட்டு எடுத்துவிடுவதுதான். ஆனால் அவசரமில்லை. நல்ல குழுவைத் தேடுவதற்குச் சில வாரங்கள் எடுத்துக்கொண்டால் எந்தக் கெடுதலும் வந்துவிடாது.

எஸ்-2 நரம்பைப் பற்றி. ஸ்வான்னோமா நரம்பின் உறையில் ஏதோ ஓர் இழையிலிருந்து முளைத்து, மற்ற இழைகளை ஓரத்துக்குத் தள்ளி, அவற்றைத் தன் மேற்பரப்பில் மெல்லிய படலமாக விரித்து வைத்திருக்கும். அந்தப் படலத்தை நரம்புத் தூண்டல் கருவியால் தொட்டுப் பார்த்து, இழை இல்லாத இடத்தில் கீறி, நுங்கை விரலால் சுளையாக எடுப்பது போல, உறையை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுக்க முடியும். இப்படிச் செய்தால் நரம்பின் பெரும்பகுதி மிஞ்சும். நியூரோஃபைப்ரோமா என்ற இன்னொரு நரம்புக் கட்டி அப்படியல்ல, இழைகள் கட்டிக்குள்ளேயே பின்னிக் கிடக்கும், பிரித்தெடுப்பது கடினம். அண்ணனின் உடலில் காப்பி நிறத் திட்டுகள் பலவும், தோலுக்கடியில் சிறு முடிச்சுகளும் உண்டா என்று ஒருமுறை பாருங்கள்; அவை நியூரோஃபைப்ரோமா வரும் நோயின் அடையாளங்கள்.

ஒரு பக்க எஸ்-2 முழுவதும் போய்விட நேர்ந்தாலும், மறுபக்க நரம்புகள் நலமாக இருந்தால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு பெரும்பாலும் நிலைக்கும். எங்கள் கவலையெல்லாம் எஸ்-3 பற்றியே. இருபக்க எஸ்-2 நரம்புகளோடு ஒரு பக்க எஸ்-3யாவது காப்பாற்றப்பட வேண்டும் என்பதை மனத்தில் வைத்துத்தான் இந்த அறுவை சிகிச்சைகளைத் திட்டமிடுகிறோம். அது இயலாதபோது மறுபக்கத்து நரம்புகளில் எதையும் தொடக் கூடாது. தாம்பத்தியத்தைப் பொறுத்தவரை இரு வேறு நரம்புக் கூட்டங்கள் இருப்பதை அண்ணனுக்குப் புரியவையுங்கள். விறைப்பு, எஸ்-2 முதல் எஸ்-4 வரையிலான நரம்புகளிலிருந்து வருகிறது. விந்து வெளியேறுவதோ மேலிருந்து திரிக எலும்பின் முகட்டைக் கடந்து இறங்கும் வேறொரு நரம்புப் பின்னலைச் சார்ந்தது. வயிற்றின் வழியாகச் செய்யும்போது அந்தப் பின்னல் அடிபட்டால், விறைப்பு இருந்தும் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகலாம். உடலுக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் இன்னும் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், முன்கூட்டியே விந்தணுவைச் சேமித்து வைக்கலாம். இதை அறுவை சிகிச்சைக்கு முன்பே பேசாத மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

எந்த வழியாக எடுப்பது என்பதைக் கட்டியின் மேல்முனை எங்கே இருக்கிறது என்பதே தீர்மானிக்கும். ஆசனவாயில் விட்ட விரலுக்கு மேல்முனை எட்டினால், ஏறக்குறைய எஸ்-3க்குக் கீழே அடங்கியிருந்தால், பின்புறமாகவே எடுத்துவிடலாம். அண்ணனுக்கு எஸ்-2 வரை போவதால் வயிற்றின் வழியாகத்தான் அணுக வேண்டும். அனுபவமுள்ளவர்கள் லேப்ராஸ்கோப்பியிலோ ரோபோ உதவியுடனோ செய்கிறார்கள். நரம்புத் துளைக்குள் நுழைந்திருக்கும் முனையை எடுக்க நரம்பியல் அறுவை மருத்துவர் உடன் இருக்க வேண்டும். ஆகவே பெருங்குடல் அறுவை மருத்துவர், நரம்பியல் அறுவை மருத்துவர், அறுவை நேரத்தில் நரம்புகளைக் கண்காணிக்கும் வசதி மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகச் சொன்னவரைக் கண்டு பயப்பட வேண்டாம். இத்தகைய அரிய கட்டிகளை எடுத்துப் பழகிய கைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

ரத்தப்போக்கைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். திரிக எலும்பின் முன்பரப்பில் படர்ந்திருக்கும் சிரைகள் கிழிந்தால் எலும்பின் துளைகளுக்குள் சுருங்கிக்கொள்ளும். அப்போது ரத்தத்தை அடக்குவது கடினம். ரத்தம் தயாராக வைக்கச் சொல்வார்கள். உறவினர்களிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

மதுரை ரேடியாலஜி

அறுவை மருத்துவர் சொன்னவற்றோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உறையை விட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுக்கும்போது, துளைக்குள் இருக்கும் முனையில் சிறிது மிஞ்சிவிடலாம். நரம்பைக் காப்பாற்றுவதற்காகத் தெரிந்தே விட்டுவைத்த மிச்சத்தைக் குறையாக நினைக்காதீர்கள். அறுவைக்குப் பின் சில மாதங்கள் கழித்து, வீக்கம் வடிந்த பிறகு ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து அதை அடிப்படைப் படமாக வைத்துக்கொண்டு, பிறகு ஆண்டுக்கொரு முறை ஒப்பிட்டால் போதும். எல்லாப் படங்களையும் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அறிக்கைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு வளர்ச்சியை ஒப்பிட எங்களால் முடியாது.

சங்ககிரித் தம்பி

அண்ணன் சம்மதித்துவிட்டார். விந்து பின்னோக்கிப் போவதைப் பற்றிய பத்தியைத் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டு, மருத்துவரிடம் தானே கேட்பதாகச் சொன்னார். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், இனி வேண்டாம் என்பதால் சேமிப்பு தேவையில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது; இந்த அறுவை சிகிச்சை அதில் வருமா என்று அந்த மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மேசையில் சேர்க்கைக்கு முன்பே விசாரிக்கப் போகிறோம்.

திருச்சி வாசகர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அண்ணன் மீண்டும் லாரி ஓட்ட முடியுமா? உங்களால் எப்போது நெடுநேரம் உட்கார முடிந்தது?

திருச்சி வாசகர்

எனக்கு அலுவலக வேலை என்பதால் நான் சொல்வது அண்ணனுக்கு அப்படியே பொருந்தாது. வயிற்றுக் காயம் ஆறிய பிறகு உட்காருவது எனக்குச் சிரமமாக இல்லை. முன்பிருந்த அழுத்தம் போய்விட்டதால் சொல்லப்போனால் எளிதாகவே இருந்தது. ஆனால் லாரிக்கு வேறு கணக்கு உண்டு. இடது கால் கிளட்சில் இருக்கும். எஸ்-1, எஸ்-2 நரம்புகள் பாதத்தைக் கீழே அழுத்தும் பலத்தையும் பாதத்தின் அடி உணர்ச்சியையும் தருபவை. அறுவைக்குப் பின் இடது பாதத்தில் பலக்குறைவோ மரப்போ இருந்தால், பிசியோதெரபி மருத்துவர் பார்த்து, கிளட்சை முழுவதும் மிதித்துப் பிடித்து வைக்க முடிகிறது என்று சொல்லும் வரை வண்டியைத் தொட விடாதீர்கள். முதலாளியிடம் இப்போதே பேசிவைத்து, சரக்கு ஏற்றி இறக்கும் வேலையிலிருந்து அதிக நாள் விலக்கு கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டத் தொடங்கிய பிறகும், சிறுநீரை அடக்கிக்கொண்டு நெடுந்தூரம் போகும் பழக்கத்தை அவர் விட்டுவிட வேண்டும். உணர்ச்சி குறைந்த பைக்கு நிறைந்தது தெரியாமல் போகலாம் என்பதால், வந்தாலும் வராவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போகச் சொல்லி என் மருத்துவர் எனக்குச் சொன்னதை அவரிடமும் சொல்லுங்கள்.